செவிலியரின் மனசாட்சி நெருக்கடி: ஐந்து வழிகளில் எதை முதலில் எடுப்பது?

வார்டு இன்சார்ஜ், நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஸ்டாஃப் மனசளவுல ரொம்ப நொந்து போயிருக்காங்க. நிர்வாகம் ஏதாவது ஒண்ணு செய்யச் சம்மதிச்சிருக்கு. தியான வகுப்பு வைக்கலாமா, பேசவைக்கிற கூட்டம் போடலாமா, எத்திக்ஸ் கமிட்டிகிட்ட போகலாமா?" ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் உண்டு என்னும்போது தேர்வு தவறினால் அடுத்த வாய்ப்பு வருவது கஷ்டம். "போன தடவை வச்சோமே, என்ன ஆச்சு?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1984இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அமெரிக்க அறவியல் அறிஞர், செவிலியர்களிடம் கண்ட ஒரு நிலைக்கு மாரல் டிஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். செய்ய வேண்டியது எது என்று தெரியும், ஆனால் அதைச் செய்யவிடாமல் அமைப்பு கையைக் கட்டிப்போடும். அந்த நிலையைத்தான் இங்கே மனசாட்சி நெருக்கடி என்கிறேன்.

ஐ.சி.யூ.வில் இது எப்படி இருக்கும்? பிழைக்கும் வாய்ப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு முதியவர், மூன்றாவது வாரமாக வென்டிலேட்டரில். சக்‌ஷன் குழாய் உள்ளே போகும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. கட்டிவைத்த கையின் விரல்கள் விரிப்பைப் பற்றுகின்றன. முதுகுப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற அவரைப் புரட்ட வேண்டும், புரட்டும்போது கண்ணோரம் நீர் வழிகிறது. கேஸ் ஷீட்டில் "கன்டின்யூ சேம் ட்ரீட்மென்ட்" என்று ஒரு வரி. அதை எழுதியவர் ஐந்து நிமிடத்தில் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அதை நிறைவேற்றுகிற சிஸ்டருக்கு டியூட்டி முடிய இன்னும் பதினொரு மணி நேரம் இருக்கிறது.

இதை வேலைச் சோர்வோடு போட்டுக் குழப்பக்கூடாது. சோர்வு இரண்டு நாள் லீவில் கொஞ்சமாவது குறையும். இது லீவு முடிந்து அதே படுக்கைக்குத் திரும்பும்போது இன்னும் கூடியிருக்கும். எலிசபெத் எப்ஸ்டீனும் ஆன் ஹேம்ரிக்கும் 2009இல் எழுதியது இதைத்தான்: ஒவ்வொரு சம்பவமும் ஒரு மிச்சத்தை உள்ளே விட்டுச்செல்கிறது, அடுத்த சம்பவம் அந்த மிச்சத்தின் மேல்தான் தொடங்குகிறது. பதினைந்து வருட அனுபவமுள்ள சிஸ்டர் சின்ன விஷயத்துக்கு வெடிப்பதைப் பார்த்து "இதுக்குப் போயா?" என்று கேட்பவர்கள் அடியில் கிடக்கும் பழைய மிச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

## தேர்வுக்கு முன் ஒரு கணக்கு

எந்த வழியையும் எடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். மெஷர் ஆஃப் மாரல் டிஸ்ட்ரெஸ் என்று 2019இல் வந்த கேள்வித்தாளில் 27 சூழல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு 0 முதல் 4, நடந்தால் எவ்வளவு வேதனை என்பதற்கு 0 முதல் 4. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 0 முதல் 432க்குள் வரும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் 2013இல் வோசியல், வீவர் இருவரும் வெளியிட்ட ஒற்றைக் கோட்டு 'தெர்மாமீட்டர்' போதும். 0 முதல் 10 வரை ஒரு குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் மொத்த எண்ணைவிட அது எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். தினமும் நடக்கும் (4), வேதனை லேசானது (1) என்றால் பெருக்கல் 4. எப்போதோ நடக்கும் (1), நடந்தால் உலுக்கிவிடும் (4) என்றாலும் அதே 4தான். எண் ஒன்று, மருந்து வேறு. முதலாவதற்கு வேலைமுறை மாற வேண்டும். இரண்டாவதற்கு அன்றிரவு பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். 16க்கு 16 எடுத்த சூழல் ஏதாவது இருந்தால் மற்றதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு அதை மட்டும் கையில் எடுங்கள்.

பெயர் எழுதாமல் தாளை வாங்குங்கள். ஆறு பேர் மட்டும் இருக்கிற வார்டில் வயது, சர்வீஸ் வருடம் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## எடைபோட நான்கு கேள்விகள்

- இது வேரைத் தொடுகிறதா, வலியை மட்டும் தணிக்கிறதா?
- பலன் எப்போது தெரியும்?
- யாருடைய நேரம் செலவாகும்? டியூட்டி நேரமா, சொந்த நேரமா?
- வாயைத் திறந்தவருக்குப் பாதுகாப்பு உண்டா?

நான்காவதுதான் எல்லாவற்றையும் கவிழ்க்கிற கேள்வி. திட்டம் போடுகிறவர்கள் அதைக் கடைசியாகக் கேட்கிறார்கள், அல்லது கேட்பதே இல்லை.

| வழி | வேரைத் தொடுமா | பலன் தெரிய | யார் நேரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| மனவலிமைப் பயிற்சி | இல்லை | சில வாரங்கள் | பெரும்பாலும் செவிலியரின் சொந்த நேரம் | "குறை உன்னிடம்தான்" என்ற செய்தி |
| சக செவிலியர் துணை | இல்லை | அன்றே | கேட்பவரின் டியூட்டி நேரம் | கேட்பவர் சுமை, ரகசியம் கசிதல் |
| கூடிப் பேசும் அமர்வு | மறைமுகமாக | மாதங்கள் | எல்லாப் பிரிவினரும் | நைட் ஷிப்ட் விடுபடுதல் |
| அறநெறி ஆலோசனை | ஆம் | நாட்கள் முதல் வாரங்கள் | செவிலியர், மருத்துவர், குழு | பழிவாங்கல் பயம், பேசி நின்றுபோதல் |
| ஆள் எண்ணிக்கை, பணிப் பங்கீடு | ஆம், ஆனால் பாதி | மாதங்கள், வருடங்கள் | நிர்வாகம் | பணம், தற்காலிக ஆட்களால் புதுச் சிக்கல் |

## மனவலிமைப் பயிற்சி

மருத்துவமனைகள் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். காரணம் எளிது: வெளியாளை அழைக்கலாம், ரசீது வாங்கலாம், முடிவில் குரூப் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போடலாம். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் தொடங்கிய எட்டு வார மனநிறைகவன (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சியால் பதற்றமும் அழுத்தமும் குறைவது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அது அழுத்தத்துக்கான பயிற்சி. மேலே சொன்ன முதியவரின் விரல்கள் மறுநாளும் விரிப்பைப் பற்றத்தான் செய்யும், மூச்சைக் கவனிக்கக் கற்றவர் அதை இன்னும் துல்லியமாகக் கவனிப்பார். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். இங்கே எரிவதை விட்டுவிட்டுப் பானையிடம் பொறுமை கேட்கிறோம். செவிலியர்களுக்கு இது புரியாமல் இல்லை. அதனால்தான் கட்டாய வகுப்பில் கடைசி வரிசை முதலில் நிரம்புகிறது.

எப்போது இது சரியான தேர்வு? மாற்றவே முடியாத வேதனை இருக்கும் இடங்களில். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் எல்லாமே சரியாக நடந்தும் குழந்தை இறக்கும், அங்கே குற்றவாளி யாருமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பயன் உண்டு. எடுப்பதானால், வாய்திறந்து பேசும் பயிற்சியும் சேர்ந்த பாடத்திட்டமாகக் கேளுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிண்டா ரஷ்டன் குழு செவிலியர்களுக்காக வடிவமைத்த பயிற்சியில் தியானம் ஒரு பாகம்தான், அறச்சிக்கலைப் பகுத்துப் பார்ப்பதும் அதைப் பேசிப் பழகுவதும் மறு பாகம். "டாக்டர், இவருக்கு வலி அதிகமாக இருக்கிறது. இந்தச் சிகிச்சையால் என்ன எதிர்பார்க்கிறோம் என்று குடும்பத்தோடு எப்போது உட்கார்ந்து பேசலாம்?" என்ற இரண்டு வாக்கியங்களை நடுங்காமல் சொல்லப் பழகுவது எத்தனையோ மூச்சுப் பயிற்சிக்குச் சமம்.

நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நைட் முடித்து வந்தவரை "ஒரு மணி நேரம்தானே" என்று உட்காரவைத்தால், கொடுத்ததைவிடப் பறித்ததே அதிகம்.

## சக செவிலியர் துணை

மருந்துத் தவறோ எதிர்பாராத மரணமோ நடந்தபின் அதில் சம்பந்தப்பட்ட மருத்துவப் பணியாளரும் நொறுங்குகிறார் என்பதை 2000இல் ஆல்பர்ட் வூ எழுதிக் கவனப்படுத்தினார். அதையொட்டி மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனையில் சூசன் ஸ்காட் குழு மூன்று அடுக்கு முறை ஒன்றை உருவாக்கியது. முதல் அடுக்கு பக்கத்தில் வேலை பார்ப்பவரின் அக்கறை, இரண்டாவது பயிற்சி பெற்ற சக பணியாளர், மூன்றாவது மனநல நிபுணர். மனசாட்சி நெருக்கடிக்கும் இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் செவிலியருக்கு முதலில் தேவை அறிவுரை அல்ல, "நீ பைத்தியமில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஓர் ஆள்.

ஆனால் ஆள் தேர்வில் கோட்டைவிடுகிறார்கள். எல்லா வார்டிலும் எல்லோரும் போய் அழுகிற ஓர் அக்கா இருப்பார். பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகத்தான் வரும். ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம், அதற்கு நேரமும் கொடுப்பதில்லை. கேட்பவருக்கு டியூட்டிப் பட்டியலில் நேரம் ஒதுக்கி, அவர் தன் பாரத்தை இறக்கிவைக்கவும் ஓர் இடம் காட்ட முடியாது என்றால் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். இன்சார்ஜே துணையாளராக இருப்பதும் கூடாது. ரகசிய அறிக்கை எழுதுகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்?

ரகசியம் ஒருமுறை டீ இடைவேளையில் கசிந்தால் போதும், திட்டம் அன்றோடு முடிந்தது.

அரிதாக நடந்து உலுக்கிவிடும் சம்பவங்கள் அதிகமுள்ள அவசர சிகிச்சை, பிரசவப் பிரிவு போன்ற இடங்களுக்கு இது முதல் தேர்வு. தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டவர், உயிர்வாழப் பிடிக்கவில்லை என்று சொல்பவர் யாராவது இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் அவருக்கானதல்ல. அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

## கூடிப் பேசும் அமர்வு

இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் சுற்றுகின்றன. ஒன்று, பெரிய சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து உணர்வுகளைக் கொட்டச்சொல்லும் ஒற்றை அமர்வு. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் அறிமுகப்படுத்திய முறை இதன் முன்மாதிரி. இப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பின்னாள் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாகச் சான்றில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 ஆய்வுத்தொகுப்பு சொன்னது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் இது வேண்டாம் என்கிறது. சி.பி.ஆர். முடிந்தபின் "எது சரியாப் போச்சு, எது தாமதமாச்சு" என்று பத்து நிமிடம் பேசுவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம். உணர்வைக் கட்டாயமாகத் தோண்டுவதுதான் வினை.

இன்னொன்று ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்கள் காட்டிய பரிவு தொடர வேண்டும் என்று அவர் நிறுவிய மையத்திலிருந்து 1997இல் இந்த அமர்வுகள் பிறந்தன. வழக்கமாக மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். மூன்று நான்கு பேர் தாங்கள் கடந்துவந்த ஒரு நோயாளியின் கதையைச் சொல்ல, அரங்கில் இருப்பவர்கள் தங்களுக்குள் எழுந்ததைப் பகிர்கிறார்கள். தீர்வு பேசுவது இதன் வேலை அல்ல. மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே அரங்கில் இருக்கிறார்கள்.

இதன் பலம் அந்தக் கலப்பில்தான். "கன்டின்யூ" என்று எழுதிய மருத்துவரும் அன்றிரவு தூங்கவில்லை என்று தெரியவரும்போது செவிலியரின் கோபம் பாதி இறங்கிவிடும். சீனியர் மருத்துவர்கள் வராத இடத்தில் அதே அமர்வு செவிலியர்களின் புலம்பல் கூட்டமாகச் சுருங்கிவிடுகிறது. முதல் இரண்டு அமர்வுகளுக்குத் துறைத்தலைவர் ஒருவராவது வந்து தன் கதையைச் சொல்லச் சம்மதிக்காவிட்டால் தொடங்காதீர்கள். நடத்துபவருக்குப் பயிற்சி தேவை. மதியம் ஒரு மணிக்கே வைத்தால் நைட் ஆட்கள் ஒருநாளும் வரமுடியாது, ஆனால் பல சிக்கல்கள் நடப்பது நைட்டில்தான்.

மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையே பேச்சே அற்றுப்போன நிறுவனத்துக்கு இது நல்ல தேர்வு. நாளைக் காலையே ஏதாவது மாறவேண்டும் என்கிற வார்டுக்கு இது பயன்படாது.

## அறநெறி ஆலோசனை

நான் அதிக எடை தருவது இதற்கு. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை 2006 முதல் மனசாட்சி நெருக்கடிக்கென்றே தனி ஆலோசனைச் சேவை நடத்துகிறது. வழக்கமான எத்திக்ஸ் கமிட்டி "இந்த நோயாளிக்கு எது சரி?" என்று கேட்கும். இந்தச் சேவை "சரி என்று தெரிந்ததைச் செய்ய உங்களைத் தடுப்பது எது?" என்று கேட்கிறது. தடை அந்த நோயாளி அளவிலா, வார்டு அளவிலா, நிறுவன அளவிலா என்று பிரித்து, அந்தந்த அளவில் யார் என்ன செய்யலாம் என்று எழுதிவைக்கிறார்கள்.

தனிச் சேவை இல்லாத இடத்தில் வார்டே தொடங்கலாம். அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2004இல் தந்த நான்கு படிகள் கைக்கு அடக்கமானவை: எனக்குள் நடப்பது இதுதானா என்று கேள், நடப்பதை ஒப்புக்கொண்டு பொறுப்பேற்க உறுதி கொள், எங்கிருந்து வருகிறது என்று எடைபோடு, பிறகு செயல்படு. இதை வாரம் அரைமணி நேரம், ஒரே ஒரு கேஸை எடுத்துச் செய்தால் போதும்.

எடைபோடும் படியில் எதிர்பாராத ஒன்றும் நடக்கும். சில நெருக்கடிகள் தகவல் இல்லாததால் மட்டுமே வந்தவை என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும்வரை மூன்று நாள் தாங்கிப்பிடிப்போம் என்று மருத்துவரும் குடும்பமும் பேசி முடிவெடுத்திருப்பார்கள், படுக்கையருகே நிற்கும் சிஸ்டருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு அது அர்த்தமில்லாத சித்திரவதை, குடும்பத்துக்கு அது விடைபெறும் அவகாசம். குடும்பத்தோடு பேசும்போது செவிலியரையும் உட்காரவைப்பது என்ற ஒரே மாற்றம் இத்தகைய வேதனையில் கணிசமானதைக் கரைத்துவிடும். பைசா செலவில்லை. செவிலியர் நினைப்பதே எப்போதும் சரி என்ற இடத்திலிருந்து தொடங்கினால் இது கண்ணில் படாது.

இனி செலவுகள். "என்னைத் தாண்டி கமிட்டிக்குப் போனாயா?" என்று ஒரு கன்சல்டன்ட் கேட்டுவிட்டால் அந்த வார்டில் அடுத்த ஆறு மாதம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், அழைத்தவர் பெயர் வெளியே வராது என்ற விதி எழுத்தில் இருந்தாக வேண்டும். மாதம் ஒருமுறை கூடும் கமிட்டி உதவாது, கோப்பு மேசைக்கு வருமுன் நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார். மூன்று முறை பேசவைத்து ஒன்றுமே மாறாவிட்டால், பேசாமல் இருந்ததைவிட மோசமான நிலைக்கு வார்டைக் கொண்டுபோய்விடுவீர்கள். எனவே முதல் கேஸாகப் பெரிய மலையை எடுக்காமல், மாற்றக்கூடியது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எடுங்கள். டிரெஸ்ஸிங்குக்கு அரைமணி முன்னால் வலிமருந்து கொடுக்க நிலையான ஆர்டர் வாங்குவது போல.

## ஆள் எண்ணிக்கையும் பணிப் பங்கீடும்

நெருக்கடியில் பெரும்பங்கு அறக்கேள்வியாக வருவதே இல்லை. பத்துப் பேரை ஒருவர் பார்க்கிறார், நான்கு பேருக்குக் கொடுக்க வேண்டிய கவனிப்பைக் கொடுக்க முடியவில்லை, அந்த நால்வரில் ஒருவர் ஈரத்திலேயே கிடக்கிறார். இதற்குத் தியானமும் கமிட்டியும் எதற்கு? ஆள் வேண்டும்.

லிண்டா ஐக்கன் குழு 2002இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இன்றும் நிர்வாகத்திடம் எடுத்துவைக்கத் தகுந்தது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதமும், செவிலியர் வேலையில் கருகிப்போகும் (பர்ன்-அவுட்) வாய்ப்பு விகிதம் 23 சதவீதமும் கூடியிருந்தன. கலிபோர்னியா 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் செவிலியர்-நோயாளி எண்ணிக்கை விகிதத்தைக் கட்டாயமாக்கியது. ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது.

பணமும் காலமும் வெளிப்படையான செலவு. தற்காலிக ஆட்களால் நிரப்பும்போது வருவது மறைவான செலவு. வேலை தெரியாத ஒருவரின் கையில் நோயாளியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வராது, அதுவே புதிய நெருக்கடி. எத்தனை பேரைப் போட்டாலும் பயனற்ற சிகிச்சையைத் தொடரும் வேதனை போகாது என்பதால்தான் அட்டவணையில் 'பாதி' என்று எழுதினேன்.

இன்சார்ஜ் கையிலேயே இருக்கும் ஒன்று: கடினமான நோயாளியை ஒரே ஆளிடம் தொடர்ந்து கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஆனால் அடிக்கடி மாற்றினால் அந்த நோயாளியை முழுதாக அறிந்தவர் யாருமே இல்லாமல் போவார். இரண்டு மூன்று பேருக்குள் சுழற்றுவது நடுவழி.

## இடமாற்றம்

சிலர் கேட்பது இதைத்தான், இதைக் கோழைத்தனம் என்று நினைக்கத் தேவையில்லை. சம்மதம் வாங்காத சிகிச்சை, திருத்தி எழுதச் சொல்லும் பதிவேடு, புகார் செய்தவரைத் துரத்தும் நிர்வாகம் என்று இருக்கும் இடத்தில் மேலே சொன்ன ஐந்தும் கண்துடைப்பாகவே முடியும். அங்கே நடந்ததைத் தேதியோடு குறித்துவைத்துக்கொண்டு வெளியேறுவது புத்திசாலித்தனம்.

## அப்படியானால் எதை எடுப்பது?

கணக்கில் உச்சம் தொட்ட சூழல்கள் சிகிச்சை இலக்கு பற்றியவை என்றால் அறநெறி ஆலோசனை, அதுவும் குடும்பத்தோடு பேசும் இடத்தில் செவிலியருக்கு நாற்காலி போடுவதிலிருந்து. எண்ணிக்கை பற்றியவை என்றால் அந்தத் தாள்களையே ஆதாரமாக்கி ஆள் கேளுங்கள். இடையில் எந்த வேலையைச் செவிலியர் தலையிலிருந்து இறக்கலாம் என்று பாருங்கள். மருந்து ஸ்டோருக்கு ஓடுவதும் பில் சரிபார்ப்பதும் நல்ல தொடக்கம். அரிதான பெரும் அதிர்ச்சிகள் என்றால் சக செவிலியர் துணை. நிர்வாகம் மனவலிமைப் பயிற்சியைத் தவிர வேறெதற்கும் அசையவில்லை என்றால் அதையே வாங்கிக்கொண்டு, அதற்குள் பேசும் பயிற்சியை நுழைத்துவிடுங்கள்.

ஒன்றை எச்சரித்துவிடுகிறேன். இந்த வழிகளுக்கான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, ஒரே மருத்துவமனையில் முன்னும் பின்னும் அளந்தவை. எது உங்கள் வார்டில் எடுபடும் என்பதை உங்கள் வார்டுதான் காட்ட வேண்டும். தொடங்குமுன் வாங்கிய அதே கேள்வித்தாளை மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுங்கள். அதன் கடைசியில், இந்த வேதனையால் வேலையை விட நினைத்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். மற்ற 27இல் எண்கள் இறங்கி, அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் மாறவே இல்லை என்றால், தாளைக் கொடுத்தது யார், அதை யார் முன்னால் நிரப்பினார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.